காதைக் குத்திய பாட்டு

வாருங்கள், கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். நாற்காலி வேண்டுகிறவர்கள் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் உட்காருகிறவர்கள் எறும்பு இருக்கிறதா என்று பார்த்து உட்காருங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பாட்டின் கதை சொல்கிறேன். பாட்டைப் பாடி, வாசித்து, எல்லாம் முடித்த பிறகு, "இது நல்லா வரலப்பா" என்று ஒருத்தி ஒருத்தனிடம் சொல்ல வேண்டியிருந்ததே, அந்தக் கதை. கேட்டு முடிக்கும்போது உங்களுக்கு யார் மேலும் கோபம் வராது. அதற்கு நான் பொறுப்பு.

மாவுன் ஊரில், தமலாகானே ஆற்றுக்கு அந்தக் கரையில், போசேஜா என்கிற பேட்டையில் மொலொகியின் வெல்டிங் பட்டறை இருக்கிறது. எங்கள் வேலியைத் தாண்டினால் அவன் பட்டறைதான். பகலெல்லாம் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்வான். வேலை முடிந்ததும் கறுப்புத் தோல் கோட்டு ஏறிவிடும். மாட்டுக் கொம்பு பதித்த பெல்ட்டு, அகலத் தொப்பி, தோளிலிருந்து தொங்கும் சங்கிலி. அக்டோபர் வெயிலில் கூடக் கழற்ற மாட்டான். "இந்தப் புழுக்கத்துல எதுக்குடா இது?" என்று கேட்டால், "ராக் வாசிக்கிறவன் ராக்கன். ராக்கனுக்கு வேர்க்காதும்மா" என்பான். தாடியிலிருந்து வேர்வை சொட்டச் சொட்டத்தான் சொல்வான்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய கம்பளியும் ஒட்டியிருக்கும். அதுதான் 'லெனாகா' குழுவின் பதிவு அறை. லெனாகா என்றால் கொம்பு. குழுவில் மூன்றே பேர். மொலொகி கிட்டார். அவன் மாமன் மகள் செகமெட்சி பேஸ் கிட்டாரும் வாசிப்பாள், பாடவும் செய்வாள்; பகலில் ஊர் நூலகத்தில் வேலை. மூன்றாவது ஆள் திரேலோ, டிரம்ஸ். பகலில் பன்னிரண்டு பேர் ஏறுகிற வேனில் பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுவான்.

மூன்று பேரும் தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்ததை ஒன்றாகக் கலக்கிறவன் மொலொகி. எது முன்னே வர வேண்டும், எது பின்னே போக வேண்டும், எதில் எவ்வளவு கனம், எவ்வளவு கூர்மை என்று பார்த்துப் பார்த்துச் சேர்ப்பதைத்தான் மிக்ஸ் என்கிறார்கள். கல்யாண வீட்டில் பெரிய பானையில் வெந்த இறைச்சியை இடித்து மசிக்கிறவர்களில் ஒருத்தன் மட்டும் உப்பு பார்ப்பான் இல்லையா, அந்த மாதிரி. பதினாறு வருஷமாக லெனாகாவுக்கு உப்புப் பார்த்தவன் மொலொகி.

அந்த வருஷம் அவர்கள் 'தூசி' என்று ஒரு பாட்டு செய்தார்கள். மழை தவறிய வருஷத்தில் ஒரு காளை தன்னந்தனியாக வீடு திரும்பி வருகிற பாட்டு. டிசம்பரில் கான்சி ஊரில் நடக்கிற ராக் திருவிழாவுக்கு அனுப்பினார்கள். நாடு முழுக்க இருந்து வருகிற ராக்கர்கள் தோலும் சங்கிலியுமாகத் தெருவில் ஊர்வலம் போவார்களே, அந்த ஊர்வலம் கிளம்பும்போது ஒரு பாட்டு போடுவார்கள். அந்தப் பாட்டு 'தூசி'யாக இருக்கட்டும் என்று விழாக்குழு முடிவு செய்திருந்தது. செய்தி செகமெட்சியின் போனுக்கு வந்தது. கடிதப் போக்குவரத்தெல்லாம் அவள்தான்.

விழாக்குழுவில் ஒடிரிலே என்று ஒருவர். அவர் அனுப்பிய செய்தியை அவள் புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தாள். 'பாட்டு அருமை. ஆனால் மேல்சத்தம் காதைக் குத்துகிறது. இரண்டு தடவைக்கு மேல் கேட்க முடியவில்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் சரிசெய்து அனுப்புங்கள். முடியாவிட்டால் தலைநகர் கபரோனில் எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார். தனித்தனிப் பதிவுகளை அனுப்பினால் அவரே மிக்ஸ் செய்துவிடுவார்.'

செகமெட்சி அதிலே பொய் ஒன்றும் இல்லை என்று அறிந்திருந்தாள். முதல் தடவை கேட்டபோதே அவளுக்குப் பல் கூசியது. டிரம்ஸோடு இருக்கும் பித்தளைத் தட்டு, அதுதான் சிம்பல், ஒவ்வொரு அடிக்கும் ஊசி இறங்குவது போல இறங்கியது. அவள் குரலில் 'ஸ்', 'ச' வருகிற இடமெல்லாம் பாம்பு சீறியது. புதுசாக ஏதோ செய்து பார்க்கிறான் போல என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

பேசாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் இவர்களுக்கு வேறொரு டிரம்மர் இருந்தான். அவன் ஒருநாள், "மொலொகி, இந்தப் பாட்டுல உன் மிக்ஸ் சொதப்பல்" என்றான்.  கிட்டாரை உறையில் போட்டு மூடின மொலொகி, ஏழு மாசம் அதைத் திறக்கவில்லை. பட்டறையில் கேட்டு செய்தான், சாப்பிட்டான், தூங்கினான். அந்த ஏழு மாசமும் அவன் மனைவி டிகெலெடி செகமெட்சியிடம் வந்து வந்து அழுதாள். பாட்டு போனால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். அத்தை மகன் மறுபடியும் அப்படி மூடிக்கொண்டால்? அதுதான் அவள் பயம்.

திரேலோவிடம் சொன்னாள். அவன் ரொம்ப லேசாக ஒரு வழி சொன்னான்.

"அக்கா, பதிவெல்லாம் உன் கம்ப்யூட்டர்லயும் இருக்குல்ல? பேசாம கபரோனுக்கு அனுப்பிடு. அண்ணனுக்கு ஏன் தெரியணும்?"

"ஊர்வலத்துல பாட்டு போடுவாங்களே, அப்ப உங்க அண்ணனோட காதுல பஞ்சு வெச்சு அடைச்சிடுவியா?"

"அது டிசம்பர்ல வர்ற பிரச்சனை. இப்ப அக்டோபர்தானே."

"முதல்ல நீ உன் வண்டியில போட்டுக் கேளுடா. எனக்கு மட்டும்தான் அப்படித் தோணுதான்னு பார்ப்போம்."

மறுநாள் காலையில் திரேலோ வேனில் 'தூசி'யைப் போட்டான். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறிய ஒரு அம்மா, மடியில் கோழியோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு தொடங்கிக் கால் நிமிஷம் இருக்கும்.

"மகனே, ஓரங்கட்டு! உன் வண்டிக்குப் பிரேக் தேஞ்சு போச்சு, கத்துது பாரு!"

"அது பிரேக் இல்லம்மா. பாட்டு."

"பாட்டா? யாரு பாடுறா, இரும்பா?"

பின்னால் யாரோ, "என் பல்லு கூசுது, நிறுத்துப்பா" என்றார்கள். இன்னொருத்தர், "கிட்டார் நல்லாத்தான் இருக்கு, அந்தத் தகரத்தை மட்டும் எடுத்துடு" என்றார். கோழி கூட இறக்கையை அடித்துக்கொண்டது என்று திரேலோ பிறகு சத்தியம் செய்தான். சந்தேகத்துக்கு இறங்கிப் பிரேக்கையும் ஒரு தடவை பார்த்தானாம்.

செகமெட்சிக்கு இனிமேல் தப்பிக்க வழி இல்லை. சாயங்காலம் பட்டறைக்குப் போனாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாமன் மகளும் அத்தை மகனும் ஒருத்தரை ஒருத்தர் எப்படி வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம். அவன் காலை வாரலாம், அவள் மூக்கைப் பழிக்கலாம், சாவு வீட்டில் கூடச் சிரிக்க வைக்கலாம். யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். தப்பாக எடுத்தால்தான் ஊர் சிரிக்கும். இவர்கள் இரண்டு பேரும் பால்பல் விழுந்த காலத்திலிருந்து அப்படித்தான். இத்தனை வருஷத்தில் ஒரு நல்ல வார்த்தை பேசிக்கொண்டதில்லை, ஒரு சண்டையும் போட்டதில்லை.

"ஏ அத்தை மகனே," என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். "பாட்டுல சிம்பல் வெச்சிருக்கியா, இல்ல உன் கிரைண்டரை வெச்சிருக்கியா?"

மொலொகி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "ஏன், நூலகத்துல தூங்க முடியலையா?"

"ஊர்ல இருக்குற கழுதையெல்லாம் ஆத்தைத் தாண்டி ஓடிப்போச்சு."

"அப்ப மிக்ஸ் அற்புதமா வந்திருக்கு. கழுதைக்குப் பிடிச்சாத்தான் கவலைப்படணும்."

"நான் நிஜமாத்தான் சொல்றேன். காது கிழியுது."

"ராக் கேட்டுக் காது கிழியலன்னா அது தாலாட்டு. மாமன் மகளே, உனக்கு வயசாகுது. போய்ப் பாயைப் போட்டுப் படு."

அவள் சிரித்துவிட்டாள். வேறென்ன செய்வாள்? சிரித்தபடியே திரும்பி வந்தாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாள் மொலொகியிடமிருந்து புது மிக்ஸ் வந்தது, கூடவே ஒரு செய்தி: 'சிம்பலைப் பத்தி யோசிச்சேன். நீ சொன்னது சரி, கொஞ்சம் மந்தமாத்தான் இருந்தது. தூக்கி வெச்சிருக்கேன்.'

அவள் அதைப் பத்து நொடி கேட்டாள். காதிலிருந்து கருவியைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். எதிரே பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

கிண்டலில் சொன்னால் காது வரைக்கும் போகாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த ஒரே வழி அதுதான், அது அடைபட்டிருந்தது. அதனால் வேறு மாதிரி செய்யலாம் என்று முடிவெடுத்தாள். ஊர்ச்சபையில் பேசுகிற முறை. அரைவட்டமாக உட்கார வேண்டும். ஒருத்தர் எழுந்து பேசும்போது மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. யாரைப் பற்றிய வழக்கோ, அவர் கடைசியில்தான் பேச வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, பட்டறை வாசலில் மொபானே மரத்தடியில் மூன்று நாற்காலி போட்டார்கள். செகமெட்சி நூலகத்துக்கு விடுப்பு சொல்லியிருந்தாள். திரேலோ வேனை வேலியோரம் நிறுத்தியிருந்தான். டிகெலெடி ஒரு தட்டில் மக்வினியா கொண்டுவந்து வைத்தாள். எண்ணெயில் பொரித்த அந்த உருண்டையை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். மொலொகிக்கு ஒரே வேடிக்கை.

"என்னடா இது, என்னை ஊரைவிட்டுத் தள்ளிவைக்கப் போறீங்களா? எந்த மாட்டைத் திருடினேன்?"

"பேசக் கூடாது," என்றாள் செகமெட்சி. "உன் முறை கடைசியில."

திரேலோ எழுந்தான். தொண்டையைக் கனைத்தான். "அண்ணே, கிட்டார் பிரமாதம். நடுவுல தனியா ஒரு இடம் வாசிக்கிறீங்களே, எனக்கு முடி சிலிர்த்திடுச்சு. அடியில பேஸும் டிரம்ஸும் சேர்ந்து வர்றது மாட்டுக்கூட்டம் நடந்து வர்ற மாதிரியே இருக்கு. மத்தபடி... டிரம்ஸ் மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமா வெச்சா நல்லா இருக்கும்னு..."

"திரேலோ!" என்றாள் செகமெட்சி.

"அவ்வளவுதான்," என்று அவன் பொத்தென்று உட்கார்ந்து, இன்னொரு மக்வினியாவை வாயில் அடைத்துக்கொண்டான். இனிமேல் பேச முடியாது பாருங்கள்.

செகமெட்சி எழுந்தாள். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

"மொலொகி ரா," என்றாள்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். 'ரா' என்பது பெரிய மனிதர்களிடமும் அன்னியர்களிடமும் பேசுகிற மரியாதை. நாற்பது வருஷத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான்.

"ரா, நான் கிண்டல் பண்ணல. பாட்டோட உடம்பு நல்லா இருக்கு. திரேலோ சொன்னது நிஜம். ஆனா மேல்சத்தம் தப்பா இருக்கு. சிம்பல் குத்துது. என் குரல்ல 'ச' வர்ற இடமெல்லாம் சீறுது. எனக்கு மட்டும் இல்ல. வேன்ல வந்தவங்க பிரேக்குன்னு நெனச்சாங்க. கான்சிக்காரரும் அதேதான் எழுதியிருக்கார். நாளைக்கு மதியத்துக்குள்ள சரி பண்ணணும், இல்லன்னா கபரோன்ல வேற ஆளு மிக்ஸ் பண்ணுவாங்களாம். நான் உங்ககிட்ட மறைக்க விரும்பல. நீங்கதான் பண்ணணும்னு நெனைக்கிறேன். அதுக்காகத்தான் வந்திருக்கேன்."

சொல்லி முடித்து, தொப்பியை மடியில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 

 தன் முறை வந்துவிட்டது என்று மொலொகி எழுந்தான்.

"பதினாறு வருஷம் இந்தக் காது நல்லா இருந்துது. கான்சியில இருந்து ஒரு கடுதாசி வந்ததும் கெட்டுப்போச்சா? ஒரு சத்தம் கூடக் குறையா இருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? நூறு தடவை கேட்டிருக்கேன். குத்தல. நீங்க கண்ட இடத்துல போட்டுக் கேக்குறீங்க. வேன்ல, நூலகத்துல. இங்க கேளுங்க. இன்னைக்குக் கிரைண்டர் கூட ஓடல. காத்து இல்ல, இலை கூட அசையல, எவ்வளவு அமைதியா இருக்கு பாரு. இந்த அமைதியில வெச்சுக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க."

திரேலோ வாயில் இருந்ததை விழுங்கினான். "அமைதியா? அண்ணே, இந்தச் சிள்வண்டு கத்துற கத்துல நான் பேசுனதே எனக்குக் கேக்கல!"

"எந்தச் சிள்வண்டு?"

"எந்தச் சிள்வண்டா!" திரேலோ சிரித்தான். மரத்தைக் கையால் காட்டினான். மரம் முழுக்கச் சிள்வண்டுகள். அக்டோபரில் மொபானே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது தெரியும். காய்ந்த தகரத்தை ஆயிரம் பேர் அறுக்கிற மாதிரி ஒரே வீச்சில் கத்தும். அவர்கள் மூன்று பேருமே காலையிலிருந்து உரக்கத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருஷம் சிள்வண்டு வரலைடா," என்றான் மொலொகி. "நேத்துதான் டிகெலெடிகிட்ட சொன்னேன். இன்னும் ஒண்ணு கூடக் கத்தல, மழை தள்ளிப்போகும்னு."

திரேலோ மறுபடி சிரிக்க வாயெடுத்தான். செகமெட்சியின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. வாசற்படியில் நின்றிருந்த டிகெலெடி தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

 சிள்வண்டுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன, அவனைத் தவிர மற்ற எல்லோருக்கும்.

செகமெட்சி எழுந்து மரத்தடிக்குப் போனாள். அடிமரத்தில் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றைப் பொத்திப் பிடித்தாள். கொண்டுவந்து, மொலொகியின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து, அவன் விரல்களை மூடினாள். அது பயந்துபோய் வீறிட்டது. திரேலோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

மொலொகி கையைக் காதோரம் கொண்டுபோனான். பிறகு இன்னொரு காதுக்கு. அவன் நெற்றி சுருங்கியது.

"துடிக்குது," என்றான். "கையில துடிக்குது."

விரலை விரித்தான். அது பறந்துபோனது. அது போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கண்ணுகளா, அந்தக் கதவுக்கு வெளியே செகமெட்சி ஒரு மணி நேரம் நின்றாள். திரேலோ போகலாமா என்று கண்ணால் கேட்டான். டிகெலெடி பக்கத்தில் வந்து நின்று மெல்லச் சொன்னாள்: "கெட்டில் விசில் அடிச்சு அடிச்சுத் தண்ணி வத்திப்போகும். பக்கத்துலயே உக்காந்திருப்பார். கவனிக்கலன்னு திட்டுவேன். போன் அடிச்சா எடுக்க மாட்டார். திமிருன்னு நெனச்சேன், செகமெட்சி. நான் திட்டினேன்."

ஏழு மாசம் மூடிய கிட்டார் உறைதான் செகமெட்சியின் கண்முன்னே நின்றது. கதவைத் தட்டலாம் என்று கையை ஓங்கினாள். அப்போது அதுவே திறந்தது.

"உள்ள வா," என்றான். கண் சிவந்திருந்தது. "உக்காரு. ஒரு கேள்வி கேக்குறேன், கிண்டல் பண்ணாம சொல்லு. இது எப்ப இருந்து?"

"எது?"

"என் மிக்ஸ் எப்ப இருந்து கெட்டுப்போச்சு? பழைய பாட்டெல்லாம் வரிசையா இருக்கு. எதுல இருந்து?"

அவளுக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. "இதுக்கு முந்தின ரெண்டு பாட்டுல கொஞ்சம் இருக்கு," என்றாள். "இந்த அளவு இல்ல. கொஞ்சம்."

"ரெண்டு வருஷம்." அவன் நாற்காலியில் சாய்ந்தான். "ரெண்டு வருஷமா உங்களுக்குக் கேட்டுது. வாயைத் திறக்கல."

"உன் ரசனை மாறிடுச்சுன்னு நெனச்சோம்."

"பொய்."

"சரி, பொய். பயந்தேன். நீ மறுபடியும் கிட்டாரை மூடி வெச்சிடுவியோன்னு பயந்தேன். அது என் தப்பு. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்ப."

 மொலொகி சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தான். அதில் ஒரு குழி நசுங்கியது.

"கபரோனுக்கு அனுப்பிடு," என்றான் கடைசியில். "பாட்டை நான் கெடுக்கக் கூடாது."

"அனுப்ப மாட்டேன்."

"மாமன் மகளே, செவிடன் மிக்ஸ் பண்ணி எங்கயாவது கேட்டிருக்கியா?"

"நீ செவிடு இல்ல. மேல மட்டும்தான் உனக்குப் போயிருக்கு, அது கேக்காமத்தான் தூக்கித் தூக்கி வெச்சிருக்க. கீழ இருக்கறதை உன்னளவு கேக்குற ஆளை நான் பார்த்ததில்ல. அந்த மாட்டுக்கூட்டத்தைக் கபரோன்காரன் கொண்டுவருவானா? அவன் மாட்டைக் கசாப்புக் கடையிலதான் பார்த்திருப்பான்."

அவன் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"அப்ப மேல யாரு கேக்கறது?"

"நான்தான். எனக்கு ரெண்டு காது இருக்குல்ல?"

"உனக்கு மிக்ஸ் பண்ணத் தெரியாது."

"உனக்குக் கேக்காது. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆளு."

அவன் பட்டறைக்குப் போய்ச் சாக்கட்டித் துண்டை எடுத்துவந்தான். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பாட்டின் சத்தமெல்லாம் இடமிருந்து வலமாக விரிந்திருக்கும். இடக்கோடியில் இடி மாதிரிச் சத்தம், வலக்கோடியில் ஊசி மாதிரிச் சத்தம். மெல்ல மெல்ல ஒவ்வொரு ஸ்வரமாக ஒலிக்கவிட்டு, தனக்கு எந்த இடத்தில் கேட்காமல் போகிறது என்று பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். அந்த இடத்தில் திரையின் மேலேயே ஒரு கோடு போட்டான்.

"இதுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் நீ."

அப்படியே வேலை செய்தார்கள். அவள் அவன் பின்னால் நின்றாள், கை அவன் தோள்மேல். குத்தினால் அழுத்துவாள், சரியானால் கையைத் தூக்கிவிடுவாள். அவன் குமிழைத் திருப்புவான். முதல் அரை மணி நேரம் அவள் எப்போதும் அழுத்தியபடியே இருந்தாள். அவன் தோல் கோட்டு நனைந்துபோனது. கழற்றி மூலையில் எறிந்தான். ராக்கனுக்கு வேர்க்கும் என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டான். ஒரு தடவை அவள் கை சட்டென்று எழுந்தபோது, "இதுவா?" என்று திரும்பிக் கேட்டான். "இதுதான்," என்றாள். "எனக்கு இப்ப ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு," என்றான் அவன்.   அவள் கையை மறுபடி தோளில் வைத்தாள், அழுத்தாமல்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு 'தூசி' முடிந்தது. திரேலோ வேனில் போட்டு ஆற்றுப் பாலம் வரை ஓட்டிப் போய்வந்தான். "யாரும் நிறுத்தச் சொல்லல!" என்று வாசலிலிருந்தே கத்தினான். அதைவிடப் பெரிய பாராட்டு அவனுக்குத் தெரியாது. அப்போதே கான்சிக்கு அனுப்பினார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பதில் வந்தது. மூன்று பேரும் பட்டறையில்தான் இருந்தார்கள். செகமெட்சி உரக்கப் படித்தாள்.

"'அற்புதம். குத்தல் போய்விட்டது. அடியில் பேஸ் நெஞ்சுக்குள் நடக்கிறது. ஒரே ஒரு குறை.'" அவள் நிறுத்தினாள்.

"படி," என்றான் மொலொகி.

"'பாடுகிற குரல் பின்னால் போய்விட்டது. அந்தப் பெண் எங்கே ஒளிந்திருக்கிறாள்? கொஞ்சம் முன்னே கொண்டுவாருங்கள்.'"

மொலொகி கையைக் கட்டிக்கொண்டான். "கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரு பார்த்தது?"

"நான்..."

"யாரு குரல்?"

"என் குரல்தான். ஆனா நல்லாத்தான் வெச்சேன்! சீறக் கூடாதுன்னுதானே இறக்கினேன்? போதுமான அளவு கேக்குது. அந்த ஆளுக்கு என்ன, காது இல்லையா?"

சொன்ன மாத்திரத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரேலோ தரையைப் பார்த்தான். 

மொலொகிதான் முதலில் சிரித்தான். முதலில் மூக்கால், அப்புறம் வயிற்றால், கடைசியில் வெல்டிங் மேஜையைப் பிடித்துக்கொண்டு. "பாருடா திரேலோ, ஒரே ஒரு குறை சொன்னாங்க, மகாராணிக்கு எப்படி ஏறுது பாரு! என்னை மரத்தடியில நிக்க வெச்சு விசாரணை பண்ணினாளே! வா, மாமன் மகளே, வந்து உக்காரு. மரத்தடியில நாற்காலி போடவா? இல்ல ஏழு மாசம் போய்ப் படுத்துக்கிறியா?"

"போடா, அத்தை மகனே!" என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே கொட்டகைக்குள் போனாள். இந்தத் தடவை நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள், அவன் பின்னால் நின்றான். குரலை அவள் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டுத் தூக்கினாள். "இன்னும்," என்றான். "போதும்" என்றாள். "இன்னும், ஒளியாதே" என்றான். குரல் அவன் கேட்கிற பக்கத்தில்தானே பெரும்பாலும் இருக்கிறது. அதை அவனைவிட யார் அறிவார்கள்? பதினொன்றரைக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டுக்கு முன்னே 'சரி' என்று வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, இத்தனை வருஷம் கிரைண்டர் கத்தியதில் போன காது போனதுதான் என்றாள், இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளச் சொல்லிக் காதுக்கு மூடி கொடுத்தாள். கிரைண்டர் பிடிக்கும்போதெல்லாம் போட்டுக்கொள்கிறான். டிகெலெடி பழைய கெட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, விசில் இல்லாத பானை ஒன்று வாங்கிவிட்டாள். அவளே பார்த்து இறக்குகிறாள். டிசம்பரில் கான்சித் தெருவில் அத்தனை தோல் கோட்டும் சங்கிலியும் 'தூசி'யோடு கிளம்பியபோது, மொலொகியும் செகமெட்சியும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். நடந்துகொண்டே ஒருத்தர் தொப்பியை ஒருத்தர் பழித்துக்கொண்டிருந்தார்களாம்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போகும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கூரைமேல் நேரத்துக்கு மழை பெய்யட்டும். உங்கள் பட்டியில் கன்று துள்ளட்டும், பானையில் கஞ்சி குறையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் பொறுத்துக் கேட்கிற மனசு என்றைக்கும் இருக்கட்டும். கேட்க முடியாதவர் தோள்மேல் வைக்க ஒரு கை எப்போதும் இருக்கட்டும். பூலா, பூலா! மழை, மழை! மழை உங்கள் வீட்டுக்கே வரட்டும்.